அகத்தியிலிருந்து போர்ட் பிளேருக்கு எந்த வழியில் போகலாம்?

என் அக்கா குடும்பத்தோடு போர்ட் பிளேரில் இருக்கிறாள். நான் குழாய் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இருப்பதால், வருஷத்தில் சில மாதங்கள் லட்சத்தீவில், பெரும்பாலும் அகத்தியில் கழியும். ஒரு நாள் போனில் அக்கா கேட்டாள்: “நீயும் தீவுல இருக்க, நானும் தீவுல இருக்கேன். அங்கிருந்து நேரா இங்க வந்துட்டுப் போக எவ்வளவு நேரம்டா ஆகும்?” சட்டென்று பதில் வரவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். அதன் பிறகு மூன்று முறை, மூன்று வழிகளில் போய் வந்துவிட்டேன். இரண்டு தீவுக் கூட்டங்களையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிட நினைப்பவர்கள் இப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் தூரம். இரண்டு ஓடுதளங்களுக்கும் இடையே வான்வழி நேர்த்தூரம் சுமார் 2,245 கிலோமீட்டர். இணையத்தில் தேடினால் 1,395 என்றும் 1,212 என்றும் எண்கள் வரும். அவையும் சரிதான், முதலாவது சாதாரண மைல், இரண்டாவது கடல் மைல். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு “ஆயிரத்து இருநூறுதானே, பக்கம்தான்” என்று நினைத்துவிடக் கூடாது.

அகத்தி கிழக்குத் தீர்க்கரேகை 72.2 பாகையிலும் போர்ட் பிளேர் 92.7 பாகையிலும் இருக்கின்றன. அட்சரேகையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசை: ஒன்று 10.8, மற்றது 11.6. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் கிழக்கு மேற்காகப் பயணம் செய்யும்போது, உருண்டையின் மேல் அளந்தாலும் தட்டையான வரைபடத்தில் அளந்தாலும் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானம் வட துருவத்தை ஒட்டி வளைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். இங்கே தூரம் தெரிந்துகொள்ள வரைபடத்தின் மேல் ஒரு ஸ்கேல் வைத்தாலே போதும்.

அந்த நேர்க்கோடு எந்தெந்த ஊரின் மேல் போகிறது என்று உருண்டைக் கணக்கில் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். கோடு அகத்தியில் கிளம்பி, கோழிக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கரையேறி, கரிப்பூர் விமான நிலையத்தை ஒட்டிப் போகிறது. அப்புறம் கோவைக்கு வடக்கே அன்னூர்ப் பக்கமாக வந்து, நாமக்கல்லின் தலைக்கு மேலேயே கடக்கிறது. நாமக்கல் என் சொந்த ஊர். அங்கிருந்து பெரம்பலூர், பிறகு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வடக்கே போய், பழையாறுக்கும் திருமுல்லைவாசலுக்கும் நடுவே கடலில் இறங்குகிறது. 2,245 கிலோமீட்டரில் நிலத்தின் மேல் போவது சுமார் 430 கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் தண்ணீர். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ மேற்குக் கடலில் இருக்கும் மாலத்தீவுகள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் மகன் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘மாநக்கவாரம்’ கிழக்கே இருக்கும் நிக்கோபார். அப்பாவும் மகனும் இரண்டு கடலிலும் கப்பல் விட்டார்கள். மகன் எழுப்பிய தலைநகரை ஒட்டித்தான் இந்தக் கோடு போகிறது. டிக்கெட் எடுக்க இதனால் ஒரு பயனும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறை வரைபடத்தைத் திறக்கும்போதும் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

சரி, 2,245 கிலோமீட்டரை ஒரு சாதாரண ஜெட் விமானம் மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அப்படியொரு விமானம் ஏன் இல்லை? ஆள் போதாது என்பது ஒரு காரணம். ஆனால் ஆள் சேர்ந்தாலும் நடக்காது. அகத்தி நான்கு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த தீவு. 1988இல் அங்கே விமான நிலையம் வந்தபோது டோர்னியர் போன்ற சிறு விமானங்களை மனதில் வைத்துத்தான் ஓடுதளம் போட்டார்கள். இன்றைக்கும் அதன் நீளம் 1,300 மீட்டரைத் தொடவில்லை. நீட்டலாம் என்றால் ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல். அதில் இறங்கக்கூடிய மிகப் பெரிய பயணிகள் விமானம், காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். 72தான். ஆட்களை நிரப்பிக்கொண்டு அது பறக்கக்கூடிய தூரம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். ஆக, அகத்தியில் இறங்கக்கூடிய விமானத்தால் போர்ட் பிளேர் வரை பறக்க முடியாது. அவ்வளவு தூரம் பறக்கக்கூடிய ஏர்பஸ்ஸுக்கு அகத்தியில் இறங்க இடம் இல்லை. நடுவில் எங்காவது ஒரு இடத்தில் விமானம் மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறுவது என்பதுதான் கேள்வி.

போர்ட் பிளேரில் இந்தக் கஷ்டம் இல்லை. அங்கே ஓடுதளம் 3,200 மீட்டருக்கும் மேல். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர்கள் உள்ளூர் மக்களை வதைத்து வேலை வாங்கிய ஓடுதளம் அது. இன்று கடற்படையின் உத்க்ரோஷ் தளமும் பயணிகள் முனையமும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2023 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் டிக்கெட்டில் பழைய ஐ.எக்ஸ்.இசட். குறியீடுதான். பழைய பெயரில் தேடினாலும் கிடைத்துவிடும்.

வழிகளும் தூரங்களும்

ஒவ்வொரு வழிக்கும் விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்த்தூரத்தை அளந்து கூட்டினேன். விமானம் உண்மையில் பறப்பது இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

கோழிக்கோடு, சென்னை வழி: 414, 503, 1,373. மொத்தம் 2,290 கி.மீ.
பெங்களூரு வழி: 657, 1,640. மொத்தம் 2,297 கி.மீ.
கொச்சி, சென்னை வழி: 468, 518, 1,373. மொத்தம் 2,359 கி.மீ.
கொச்சி, பெங்களூரு வழி: 468, 367, 1,640. மொத்தம் 2,475 கி.மீ.
கோவா மோபா, சென்னை வழி: சுமார் 2,690 கி.மீ.
கொச்சி, கொல்கத்தா வழி: சுமார் 3,670 கி.மீ.

கடைசி இரண்டையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். கோவாவிலிருந்து அகத்திக்குச் சிறு விமானம் இருக்கிறது. கோவாவில் உங்களுக்கு வேறு வேலை இருந்தால் மட்டும் அது அர்த்தமுள்ள வழி. கொல்கத்தா வழி என்பது டிக்கெட் விற்கும் தளங்கள் மலிவு விலையைத் தேடி நம் முன்னால் நீட்டுவது. கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,305 கிலோமீட்டர்தான். சென்னையைவிட அதுதான் பக்கம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அகத்தியில் இருக்கிறவர் அதற்காகக் கொச்சியிலிருந்து 1,900 கிலோமீட்டர் வடகிழக்கே ஏறிப் போய், மறுபடி தெற்கே இறங்க வேண்டும்.

மீதி நான்கையும் பாருங்கள். முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் உள்ள வித்தியாசம் 69 கிலோமீட்டர். விமானத்துக்கு அது ஏழெட்டு நிமிஷம். நேர்க்கோட்டோடு ஒப்பிட்டால்கூட கொச்சி, சென்னை வழி ஐந்து சதவீதம்தான் அதிகம். ஆகவே தூரத்தை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. ஆரம்பத்தில் எனக்கு அது புரியவில்லை. பட்டியலில் எது சின்ன எண்ணோ அதுதான் சரியான வழி என்று நினைத்தேன். மூன்று பயணத்துக்குப் பிறகு நான் பார்க்கிற விஷயமே வேறு. வழியில் ஏதாவது ஒரு விமானம் நின்றுபோனால், அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? அதை வைத்துத்தான் இப்போது வழியைத் தேர்ந்தெடுக்கிறேன்.

ஏனென்றால் இந்தப் பயணத்தின் இரண்டு முனைகளும் மென்மையானவை. அகத்தியில் மழையும் பக்கவாட்டுக் காற்றும் சேர்ந்தால் விமானம் இறங்காமல் கரைக்கே திரும்பிவிடும். பக்கத்தில் வேறு விமான நிலையமே கிடையாது. லட்சத்தீவு முழுவதற்கும் அது ஒன்றுதான். போர்ட் பிளேருக்கும் ஏறக்குறைய அதே நிலை. மழை மறைத்தால் ஒதுங்கி இறங்கப் பக்கத்தில் பெரிய நிலையம் இல்லாததால், கடல் தாண்டித் திரும்பி வரவும் எரிபொருள் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். போன விமானம் போர்ட் பிளேரைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பி வந்த கதைகளை அங்கே வசிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் முறை: ஒரே மூச்சில்

அக்கா மகளின் காதுகுத்துக்கு, நவம்பரில். அகத்தியிலிருந்து நண்பகலில் கொச்சி, மாலையில் கொச்சியிலிருந்து சென்னை, மறுநாள் விடிகாலை சென்னையிலிருந்து போர்ட் பிளேர் என்று திட்டம். தாளில் அழகாக இருந்தது. மூன்றையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தேன், கொஞ்சம் பணம் மிச்சமாகும் என்று.

அன்று காலையிலிருந்தே மழை. தென்னை மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. விமானம் வந்த சத்தம் கேட்டது. மேலே ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு முறை தாழ்ந்து பார்த்தது, பிறகு சத்தம் தேய்ந்துவிட்டது. கொச்சிக்குத் திரும்பிவிட்டது என்று சொன்னார்கள். மறுநாள் விமானத்தில் இடம் கொடுத்தார்கள்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொச்சி, சென்னை டிக்கெட்டும் சென்னை, போர்ட் பிளேர் டிக்கெட்டும் போய்விட்டன. தனித்தனியாக எடுத்த டிக்கெட் என்பதால் முந்தைய விமானம் வராததை அடுத்த நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. “நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான்” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். வரி மட்டும் திரும்பி வந்தது. கடைசி நேரத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தேன். காதுகுத்து முடிந்து பந்தல் பிரித்த பிறகு போய்ச் சேர்ந்தேன். குழந்தை என் மடியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். தாய்மாமன் இல்லாமலேயே நடந்துவிட்டது. அக்கா ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வழி தப்பான வழி இல்லை. இடையில் ஒரு ராத்திரிகூட விடாமல் கோத்ததுதான் தப்பு.

இரண்டாவது முறை: நடுவில் ரயில்

பிப்ரவரியில் போனேன். அகத்தியிலிருந்து கொச்சிக்கு விமானம், கொச்சியிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயில், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம். நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து ஆலுவா ரயில் நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். ஆலப்புழை எக்ஸ்பிரஸ், திருவனந்தபுரம் மெயில் இரண்டுமே மாலையில் எர்ணாகுளம், ஆலுவா தாண்டி, காலையில் சென்னை சென்ட்ரலில் விடுகின்றன. சென்ட்ரலில் இறங்கியதும் அடியிலேயே மெட்ரோ. நேராக விமான நிலையம்.

இதில் எனக்குப் பிடித்தது, ரயில் ராத்திரியையும் பயணத்தையும் ஒன்றாக முடித்துவிடுகிறது. ஓட்டல் செலவு இல்லை. அகத்தி விமானம் இரண்டு மூன்று மணி நேரம் தாமதமானாலும் ரயிலைப் பிடித்துவிடலாம். அப்படியும் தவறினால் மாலையில் கொச்சியிலிருந்து சென்னைக்கு விமானங்கள் இருக்கின்றன. அகத்தி விமானம் அன்றைக்கு வராமலே போய்விட்டால் நஷ்டம் ஒரு படுக்கை டிக்கெட்டும், முன்கூட்டியே தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு விமான டிக்கெட்டும்தான். ஒரே எச்சரிக்கை: மறுநாள் காலை பத்தரைக்கு முன்னால் கிளம்பும் போர்ட் பிளேர் விமானத்தை எடுக்காதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் வயிற்றைக் கலக்கும். அதே சமயம் ரொம்பத் தள்ளியும் எடுக்க முடியாது. போர்ட் பிளேர் விமானங்களில் பெரும்பாலானவை காலையிலிருந்து நண்பகலுக்குள் நெருக்கமாகக் கிளம்பிவிடும்.

அந்தப் பயணத்தில் என் கருவிப் பை ஒன்று அகத்தியிலேயே நின்றுவிட்டது. ஏ.டி.ஆர். 72 முழு எடையோடு மேலே ஏறுவதற்கு 1,300 மீட்டருக்கு மேல் ஓடுதளம் கேட்கும். அகத்தியில் அவ்வளவு இல்லை. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைந்து இன்னும் கஷ்டம். அதனால் சில நாள் இருக்கைகளைக் காலியாக விடுவார்கள், சில நாள் பெட்டியை அடுத்த விமானத்துக்குத் தள்ளுவார்கள். மருந்து, சான்றிதழ், ஒரு மாற்றுத் துணி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எடை எவ்வளவு என்பதை அகத்தி டிக்கெட்டில் தனியாகப் பாருங்கள். அதே நிறுவனம் மற்ற ஊர்களுக்குக் கொடுக்கும் எடையும் இங்கே கொடுக்கும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது முறை: பெங்களூரு

2024 மார்ச் 31 அன்று இண்டிகோ பெங்களூருவுக்கும் அகத்திக்கும் நேர் விமானம் ஆரம்பித்தது. இரண்டே பறப்பில் போர்ட் பிளேர். நேர்க்கோட்டைவிட 52 கிலோமீட்டர்தான் அதிகம். இரண்டு விமானமும் ஒரே நிறுவனம் என்றால் ஒரே பி.என்.ஆரில் எடுக்கலாம், முதல் விமானம் நின்றால் இரண்டாவதை மாற்றிக் கொடுக்கும் பொறுப்பும் அவர்களுடையது. பெட்டியை அகத்தியில் போட்டு போர்ட் பிளேரில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நடுவில் ராத்திரி தங்குவதாக இருந்தால் பெரும்பாலும் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டிவரும்.

ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். அகத்தியிலிருந்து விமானம் வந்து சேரும் நேரத்தில் அன்றைய போர்ட் பிளேர் விமானங்கள் போயிருக்கும். தேவனஹள்ளியில் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல்கள் விலை அதிகம்; ஊருக்குள் போனால் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கும் மேல், பெங்களூரு டிராஃபிக்கில். பெங்களூருவில் சொந்தக்காரர் வீடு இருந்தால் இது அருமையான வழி. எனக்கு யெலகங்காவில் ஒரு நண்பர் இருந்தார். சுகமாகப் போனேன்.

இருந்தாலும் இதை எல்லோருக்கும் முதல் வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகத்திக்குப் பெங்களூருவிலிருந்து வரும் விமானம் நின்றுவிட்டால் அதே வழியில் இன்னொன்று கிடையாது. சீசன் மாறும்போது அட்டவணையும் மாறும். கோழிக்கோடு வழியும் அப்படியே. 2024இல் அங்கிருந்தும் அகத்திக்குச் சேவை தொடங்கியது. தூரக் கணக்கில் அதுதான் முதலிடம். மலபாரில் இருப்பவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் கோழிக்கோட்டிலிருந்து சென்னைக்கு, கொச்சியில் இருக்கிற அளவுக்கு விமானங்கள் இல்லை. அங்கே மாட்டிக்கொண்டால் மங்களூர் மெயிலைத்தான் நம்ப வேண்டும்.

கொச்சி வேறு மாதிரி. பல வருஷங்களாக அகத்திக்கு வாசல் அதுதான். விமானம் இல்லையென்றால் கப்பல் அங்கேதான் வருகிறது. லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் வெல்லிங்டன் தீவில் இருக்கிறது. சென்னைக்கு விமானம், ரயில், பஸ் எல்லாம் உண்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரே நாளில் பல விமானங்கள். ஒன்று போனால் இன்னொன்றில் காசு கொடுத்தாவது ஏறிவிடலாம். சங்கிலியில் எந்த இடம் அறுந்தாலும் கட்டுவதற்குக் கையில் கயிறு இருக்கிறது. 69 கிலோமீட்டர் அதிகம் என்பதற்காக இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முழுக்கக் கப்பலிலேயே போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். போகலாம். அகத்தியில் காயலுக்கு வெளியே நிற்கும் கப்பலுக்குச் சிறு படகில் போய் ஏறி, கொச்சி வர ஒரு நாள் அளவு. நடுவில் வேறு தீவுகளைத் தொட்டால் இன்னும் கூடும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் மாதத்தில் சில முறைதான். ஏறினால் இரண்டரை நாள், மூன்று நாள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதற்குக் காத்திருந்தால் இரண்டு வாரம் போய்விடும். நேரம் நிறைய இருக்கிறவர்களுக்கு மட்டும்.

எதை முதலில் பார்ப்பது

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு முடிவும் இருக்கிறது: அகத்தி முதலிலா, போர்ட் பிளேர் முதலிலா? நான் அகத்தி முதலில் என்பேன். லட்சத்தீவுக்காரர் அல்லாத எவருக்கும், இந்தியராகவே இருந்தாலும், அங்கே நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். அந்தச் சீட்டில் தேதி இருக்கும். போர்ட் பிளேருக்கோ ஹேவ்லாக்குக்கோ இந்தியர்களுக்கு அப்படி ஒன்றும் தேவையில்லை. போர்ட் பிளேரை முதலில் வைத்து அங்கே இரண்டு நாள் மழையில் மாட்டிக்கொண்டால், கிடைக்க அரிதான அகத்தி இருக்கையும் போய்விடும், சீட்டில் இருக்கும் நாட்களும் வீணாகும். அகத்தி முதலில் என்றால், வீட்டிலிருந்து நிதானமாகக் கொச்சி போய், ஒரு நாள் முன்னதாகவே அங்கே இருந்துவிடலாம்.

ஆகவே டிக்கெட் எடுக்கும் வரிசை: முதலில் அனுமதிச் சீட்டும் தங்குமிடமும், அடுத்து கொச்சி, அகத்தி போக வர டிக்கெட், அதன் பிறகு ஒரு ராத்திரி இடைவெளி விட்டுச் சென்னை, போர்ட் பிளேர். மாற்ற முடியாததை முதலில் எடுத்துவிட்டு, மாற்ற முடிந்ததை அதைச் சுற்றிப் பொருத்த வேண்டும். பலரும் சென்னை, போர்ட் பிளேர் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று அதை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் அகத்திக்கு அலைகிறார்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அகத்தி பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று, கப்பல்களும் குறையும். அந்தமானுக்கு அந்த மழையும் உண்டு, அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடல் புயல்களும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அமைதியாக இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. அந்த மாதங்களில் ஒரு ராத்திரி இடைவெளி போதும். வேறு மாதம் என்றால் இரண்டு ராத்திரி விடுங்கள். வீட்டு விசேஷத்துக்குப் போகிறவர் எந்த மாதமானாலும் மூன்று நாள் முன்னதாகக் கிளம்புங்கள்.

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போனால் ரயிலை விட்டுவிட்டு கொச்சியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் பகலில் சென்னை போய், அங்கேயும் ஒரு ராத்திரி தங்கிக் காலையில் போர்ட் பிளேர் விமானம் ஏறலாம். ஒரு நாள் கூடும், ஆனால் யாரும் களைக்க மாட்டார்கள். அம்மாவை அழைத்துப் போகும்போது நான் அப்படித்தான் செய்யப் போகிறேன். தனியாகப் போகிற இளவட்டங்களுக்கு ஆலுவா ரயில். பெங்களூருவில் வீடு இருக்கிறவர்களுக்குப் பெங்களூரு.

அம்மாவிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அகத்தியிலும் போர்ட் பிளேரிலும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் இருபதரை பாகைத் தீர்க்கரேகை நடுவில் இருப்பதால் சூரியன் போர்ட் பிளேரில் ஏறக்குறைய 82 நிமிஷம் முன்னதாக வந்துவிடும், முன்னதாகவே போயும்விடும். டிசம்பரில் ஐந்தரைக்குள் தெருவிளக்கு எரியும். அகத்தியில் ஆறு மணிக்குக் கரையில் வெளிச்சத்தோடு நடந்து பழகியவர்கள், அங்கே மதியம் இறங்கியதும் பெட்டியை வைத்துவிட்டு உடனே கடற்கரைக்குக் கிளம்பிவிட வேண்டும். அக்கா வீட்டிலிருந்து கார்பின்ஸ் கோவ் போக ஆட்டோ இருக்கிறது. பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு நேராக அங்கே போவதாக அம்மா இப்போதே முடிவு செய்துவிட்டாள்.